நடுக்கச் சுற்று

வினோலியாவுக்குத் தன் பெயரை ஒழுங்காகச் சொல்வதற்கே மூன்று வாரம் பிடித்தது.

முப்பத்திரண்டு வருடம் அந்தப் பெயரோடு குடித்தனம் நடத்தியவள்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அவர்கள் வீட்டு ரேஷன் கார்டில் தப்பில்லாமல் அச்சாகியிருக்கிற ஒரே பெயரும் அதுதான். ஆனால் உச்சரிப்பைச் சோதிக்கத் தாடைக்கு அடியில் ஒட்டியிருந்த பட்டை அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெயரைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் கட்டெறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று ஓர் அதிர்வைக் கொடுத்தது.

"மேல் பல்லு கீழ் உதட்டைத் தொடணும் மேடம்," என்றான் ஹேமந்த். பயிற்சி கொடுக்கக் கம்பெனி கோயம்புத்தூரிலிருந்து அனுப்பியிருந்த இளைஞன். "நீங்க உதட்டைக் குவிக்கிறீங்க. அது வேற சத்தம். கேளுங்க. வெஸ்ட்னா உள்பனியன். வெஸ்ட்னா மேற்கு."

"ரெண்டையும் ஒண்ணாத்தான சார் சொன்னிய?"

"இல்ல மேடம். அதான் பிரச்சினையே."

தூத்துக்குடியில் புதிதாக வந்திருந்த சரக்கு முனையத்தில் கிரேனுக்கு ஓட்டுநர் கிடையாது. வானத்துக்கும் பூமிக்குமாக நிற்கும் அந்த இரும்பு ராட்சதன் காது கேட்கும் ஜென்மம். கீழே ஒருவர் நின்று இங்கிலீஷில் தூக்கு என்றால் தூக்கும், நிறுத்து என்றால் நிறுத்தும். அந்த ஒருவருக்கு சிக்னலர் என்று பெயர். இத்தனை அறிவுள்ள கிரேனுக்கு எதற்கு ஒரு ஆள் என்று முதல் நாளே வினோலியா கேட்டாள். ஹேமந்த் நல்ல பையன், உண்மையைச் சொல்லிவிட்டான். "அதுவே எல்லாம் பண்ணிரும் மேடம். ஆனா தப்பு நடந்தா பொறுப்பு ஏத்துக்க ஒரு வாய் வேணும்னு இன்சூரன்ஸ்காரங்க சொல்றாங்க."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். பழைய சரக்குப் பெட்டிகளை அறுத்துச் செய்த சின்னச் சின்ன அறைகளில் ஆளுக்கொரு காதுக்கருவியோடு உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜோடி சொன்னார்கள். பேன், ஃபேன். சீட், ஷீட். லீஃப், லீவ். தமிழில் ஒரு 'ப' இருந்தால் அது ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி எல்லாருக்கும் உதவும். இங்கே ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனிக் குழாய். வினோலியா இரண்டாம் வாரம் அழுதேவிட்டாள்.

அப்போது ஹேமந்த் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தான். "தொண்டையில விரல் வைங்க. பல்னு சொல்லுங்க. முதல் எழுத்துல அதிருதா?"

"இல்ல சார்."

"இப்ப பயம்னு சொல்லுங்க."

"பயம்." விரலுக்கடியில் தொண்டை குறுகுறுவென்று அதிர்ந்தது. வினோலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதிருது சார்!"

"அவ்வளவுதான். உங்க வாய்க்கு ரெண்டும் வேறன்னு தெரியும். நம்ம எழுத்துக்குத்தான் தெரியாது."

அதற்கப்புறம் அவள் வண்டி ஓட ஆரம்பித்தது. சமைக்கும்போது ஜோடி, துணி துவைக்கும்போது ஜோடி. ஏழு வயது மகள் நிவிஷா அம்மாவைவிட நன்றாகச் சொன்னாள். மாமியார் சவேரியம்மாள், "வீட்டுக்குள்ள ரெண்டு கிளி வளக்கேன்" என்று கேலி செய்தாள். புருஷன் கிளாட்வின் மட்டும் கேலி செய்யவில்லை. அவன் அடுத்தவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். விடியுமுன் போனால் பொழுது சாய்ந்தபிறகுதான் கரை. போன வருடக் காற்றில் படகிலிருந்து தூக்கி எறியப்பட்டு, முக்கால் மணி நேரம் தண்ணீரில் கிடந்து திரும்பி வந்தவன். அன்றைக்கு வினோலியா முடிவு செய்தாள், இந்த மனுசனைக் கடலிலிருந்து கரையேற்றிவிட வேண்டும் என்று. அதற்கு வீட்டில் இன்னொரு நிரந்தரச் சம்பளம் வேண்டும். அவள் ஜோடி சொன்னது அதற்காகத்தான்.

நூறு ஜோடியும் தேறியவர்கள் எட்டுப் பேர். அவர்களை உட்காரவைத்து ஹேமந்த் கடைசிச் சுற்றைப் பற்றிச் சொன்னான்.

"சும்மா இருக்கும்போது யார் வேணா சரியாச் சொல்லலாம். பயந்தா வாய் தாய்மொழிக்கு ஓடிரும். வெளிநாட்டுத் துறைமுகம் ஒண்ணுல, பெட்டி சாயறதப் பாத்து சிக்னலர் அலறிட்டாரு. அவரோட ஊர்ச் சத்தத்துல அலறினாரு. கிரேனுக்குப் புரியல, நிறுத்தல. கீழ நின்னவருக்குக் கால் போச்சு. அதனால நீங்க நடுங்கும்போதும் வாய் சரியா இருக்கான்னு பாக்கணும்."

பெயர், நடுக்கச் சுற்று. பத்து நாள், காலை ஆறு முதல் இரவு எட்டுவரை பட்டையும் காதுக்கருவியும் உடம்பில் இருக்க வேண்டும். அந்தப் பத்து நாளில் எப்போது வேண்டுமானாலும் போன் வரும். உங்கள் அம்மா குரலில், தம்பி குரலில், பெற்ற பிள்ளையின் குரலில். அந்தக் குரல்களை உங்கள் போனிலிருந்தே எடுத்து கம்பெனியின் இயந்திரம் செய்துவைத்திருக்கும். அது ஏதோ ஒன்றைச் சொல்லிப் பதறவைக்கும். நாடித்துடிப்பு ஏறியதும் காதில் ஜோடிகள் வர ஆரம்பிக்கும். இருபது ஜோடியும் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் வேறு ஒரு வார்த்தை பேசினாலும், பட்டையைப் பிய்த்தாலும் அந்த வாய்ப்பு போனது. மூன்று வாய்ப்பில் இரண்டு தேற வேண்டும். தவறினால் இரண்டு வருடம் கழித்துத்தான் மறுபடி வரலாம்.

"நெசமாவே வீட்டுலருந்து போன் வந்தா?" என்று கேட்டாள் இசக்கிசெல்வி. வினோலியாவுக்குப் பக்கத்து அறைக்காரி, முன்பு தையல்கடையில் இருந்தவள்.

ஹேமந்த் கொஞ்சம் தயங்கினான். "பட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியாது மேடம். நாடி ஏறினா ஜோடி ஆரம்பிச்சிரும், அதுவும் ஒரு வாய்ப்பாத்தான் சேரும். பயம் எங்கேருந்து வந்தாலும் பயம்தானே? சரக்கு யார்டுல நிக்கும்போது வீட்லேருந்து கெட்ட சேதி வரலாம். அப்பவும் தலைக்கு மேல பெட்டி தொங்கிட்டுத்தானே இருக்கும்?"

நியாயமாகத்தான் இருந்தது. எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் பதினோரு மணி டீயின்போது இசக்கிசெல்வியின் போன் அடித்தது. எடுத்தாள். அடுத்த நொடி டீ கிளாஸ் தரையில் கிடந்தது. "எம்மா!" என்று போட்ட அலறலில் யார்டில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். பட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"எங்க அண்ணன் கொரலு. அம்மா செத்துட்டான்னு அழுதான். போயிப் பாத்தா அவ முருங்கக்கீர ஆஞ்சிட்டு இருக்கா. கட்டிப்பிடிச்சு அழுதேன். கிறுக்கு புடிச்சிட்டான்னு கேக்கா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை.

அவளுக்கு மறுநாள் வந்தது. கூட்டம் நெரிந்த டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனில் மாமி என்று வந்தது.

"வினோ, கிளாட்வின் செத்துட்டான். படகு கவுந்துட்டு. செத்துட்டான் வினோ."

சவேரியம்மாளின் குரலேதான். அந்தக் கரகரப்பு, மூச்சுக்கு நடுவில் வரும் சின்ன விசில் சத்தம், எல்லாம் அப்படியே. காதில் முதல் ஜோடி வந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. உறைத்ததும் நெஞ்சு தன் இடத்துக்கு வந்துவிட்டது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்டக்டரும் பக்கத்துச் சீட்டுக்காரிகளும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, இருபது ஜோடியையும் சொல்லி முடித்தாள். தாடையில் ஒரு சுருக்குகூட விழவில்லை.

அன்று ஹேமந்த் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். திரையில் அவளுடைய நாடியின் கோடு மலைபோல் ஏறி, உடனே சரிந்திருந்தது.

"எல்லாருக்கும் ஏறினா ஏறினதுதான். உங்களுக்கு நாலு நொடியில இறங்கிருச்சு. எப்படி மேடம்?"

தேர்ச்சி பெற்ற மிதப்பு யாரை விட்டது? வினோலியா சொல்லிவிட்டாள். "எங்க ஊர்ல சாவ போன்ல சொல்ல மாட்டாவ சார்."

"பின்ன?"

"சாப்டியான்னு கேப்பாவ. எங்கன இருக்கன்னு கேப்பாவ. எங்கப்பா தவறினப்ப எங்க சித்தப்பா என்ன சொன்னாவ தெரியுமா? அப்பாவுக்கு லேசா காய்ச்சல், ஒண்ணுமில்ல, மாப்பிள்ளையையும் கூட்டிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போம்மான்னாவ. மாப்பிள்ளையையும்னு சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அழுதுட்டேதான் பஸ் ஏறுனேன். எங்க மாமி பெத்த புள்ளையப் பாத்து செத்துட்டான்னு வாயால சொல்லுவாவளா? நாக்கு அழுகிப் போயிராதா? சொன்னது மிஷின்னு அப்பவே தெரிஞ்சிட்டு."

ஹேமந்த் நெற்றியில் தட்டிக்கொண்டான். "அட, ஆமா மேடம்! எங்க தாத்தா தவறினப்பவும் இப்படித்தான் சொன்னாங்க. எனக்குத் தோணவே இல்ல பாருங்க. இதை எழுதினவங்க வேற தேசத்துக்காரங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்?" சொல்லிக்கொண்டே அவன் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. வினோலியா அதைப் பார்த்தாள். ஏதோ நல்லது செய்துவிட்ட மாதிரிகூட அவளுக்கு இருந்தது.

விஷயத்தைக் கேட்ட இசக்கிசெல்வி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "ஏட்டி, இத ஏன் அவன்ட்ட சொன்ன?"

"கேட்டாரு, சொன்னேன்."

"கொள்ளிக்கட்டைய எடுத்துத் தலையச் சொறிஞ்சிருக்க."

அடுத்த இரண்டு நாளில் தெரிந்தது. இயந்திரம் அழுவதை நிறுத்திவிட்டது. சாப்பிட்டியா என்று கேட்க ஆரம்பித்தது. ஒருவருக்கு அக்கா குரலில், "சும்மாதான் கூப்பிட்டேன், பிள்ளைய ஸ்கூல்லருந்து நானே கூட்டிட்டு வந்துட்டேன், நீ மெதுவா வா" என்றது. அந்த மனிதர் மயங்கி விழுந்தார். இன்னொருத்திக்கு, "பதறாத, வண்டிக்குத்தான் சேதாரம்" என்று தம்பி குரல் சொன்னது. எட்டுப் பேரில் ஐந்து பேர் அந்த இரண்டு நாளில் வெளியேறினார்கள். இசக்கிசெல்விக்கு, "அம்மா நல்லா இருக்கா, நீ வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயிரு" என்று அண்ணன் குரல் சொன்னது. இரண்டாவது வாய்ப்பும் போய், அந்த ஐவரில் அவளும் ஒருத்தியானாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வினோலியாவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மொத தடவ ஏமாத்துனது மிஷினு. ரெண்டாவது தடவ நீ," என்றாள். கத்திச் சொல்லியிருந்தாலாவது வினோலியா பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவள் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வினோலியாவும் தப்பவில்லை. ஆறாம் நாள் அவள் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தாள். "வினோ, சாப்டியாளா? ஒண்ணுமில்ல, வீடு வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றது மாமியின் குரல். இது இயந்திரம், நான் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கே வருகிறது என்று புத்தி சொன்னது. உடம்பு கேட்கவில்லை. அப்பாவுக்காகப் பஸ்ஸேறிய அதே பெண் உள்ளே எழுந்துகொண்டாள். ஒன்பதாவது ஜோடியில் நாக்கு புரண்டது. கத்தரிக்காய்ப் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். சவேரியம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் எங்களா கூப்பிட்டேன்?" என்றாள்.

ஒன்று தேறியாகிவிட்டது, ஒன்று போயாகிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று.

இதற்கப்புறம் வீட்டில் ஒருவருக்கொருவர் சாப்பிட்டாயா என்று கேட்பதே நின்றுபோனது. யாராவது மறந்து கேட்டுவிட்டால், யாருக்கு என்ன என்று வினோலியா எழுந்துவிடுவாள். சவேரியம்மாள்தான் யோசித்து ஒரு வழி சொன்னாள்.

"நான் இனிம ஒனக்குப் போனே பண்ண மாட்டேன். நல்லதுக்கும் பண்ண மாட்டேன், கெட்டதுக்கும் பண்ண மாட்டேன். நேரங்காலம் தெரியாம ஏதாச்சும் நடந்துட்டுன்னா ஆள அனுப்புதேன். ஆளா வேசம் போட மிஷினால முடியாதுல்லா? போன் வந்தா அது நான் இல்ல. போதுமா?"

"சத்தியமா மாமி?"

"சத்தியமா."

வினோலியா அன்றைக்குத்தான் தூங்கினாள். கிளாட்வின் அவள் தலையைத் தடவி, "நாலு நாளுதான. பல்லக் கடிச்சிட்டு இரு" என்றான்.

ஒன்பதாம் நாள் மதியம். பயிற்சி அறையில் அவளோடு இன்னும் இரண்டே பேர். போன் அடித்தது. திரையில் மாமி.

இதோ வந்துவிட்டது கடைசி வாய்ப்பு என்று நினைத்தபோது அவளுக்குப் பயத்தோடு சின்னதாக ஒரு நிம்மதியும் வந்தது. எடுத்தாள்.

"வினோ, சாப்டியாளா?"

காதில் முதல் ஜோடி வந்தது. "பியர், பியர்," என்றாள் வினோலியா. துறைமுக மேடை முதலில், குடிக்கிற பீர் இரண்டாவது. இரண்டும் சுத்தமாக விழுந்தன.

"ஒண்ணுமில்ல, பதறாத. கிளாட்வினுக்குக் கையில லேசா அடி. வலை இழுக்குத வின்சுல கயிறு சுத்திட்டு. முழிச்சுத்தான் இருக்கான். ஆசுபத்திரியிலதான் நிக்கேன்."

"ஷிப், சிப்."

"என்னளா? டாக்டரு கேக்காரு. மதுரைக்குக் கொண்டு போனா கைய ஒட்டிப் பாக்கலாமாம். வழியில ரத்தம் ஜாஸ்தி போயிட்டா ஆளுக்கு ஆபத்தாம். இல்ல ஒட்டாம இங்கனயே தச்சு முடிச்சிரவான்னு கேக்காரு. எனக்கு ஒண்ணும் ஓடல. நீ என்ன சொல்லுத?"

"சேஃப், சேவ்."

"இங்கிலீசுல பேசாத, எனக்கு வெளங்கல. ஏளா வினோ, இது மிஷின் இல்லளா. நான்தான். மாதா ஆணையா நான்தான். சொன்னத மீறி கூப்பிட்டுட்டேன். ஆள அனுப்பிருக்கேன், அவரு வந்து சேரல, இங்க அஞ்சு நிமிசத்துல சொல்லணுங்காவ."

இயந்திரம் எவ்வளவு கற்றுக்கொண்டுவிட்டது என்று வினோலியா திகைத்தாள். போன வாரம் அழத்தான் தெரிந்திருந்தது. இப்போது ஆணையிடவும் தெரிகிறது. வீட்டில் பேசிவைத்ததைக்கூட பட்டை கேட்டிருக்கும், இல்லாவிட்டால் ஆளை அனுப்பும் ஏற்பாடு அதற்கு எப்படித் தெரியும்? அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பன்னிரண்டாவது ஜோடியில் வாய் ஒரு கணம் நின்றது. நின்றால் இரண்டு வருடம். இரண்டு வருடமும் அவன் விடியுமுன் கடலுக்குப் போவான். சொன்னாள்.

"சீட், ஷீட்."

"போவவா, வேண்டாமாளா? ஒரு வார்த்த சொல்லு."

"வெஸ்ட், வெஸ்ட்."

பதினைந்தாவது ஜோடிக்கு அப்புறம் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. மூச்சு மட்டும் கேட்டது. யாரோ அவசரமாக ஏதோ கேட்க, அந்த மூச்சு விலகிப் போனது. வினோலியா இருபதாவது ஜோடியையும் சொன்னாள். சுவரில் பச்சை விளக்கு எரிந்தது.

ஹேமந்த் கை தட்டிக்கொண்டே ஓடி வந்தான். "இருபதுக்கு இருபது! இந்தக் குழுவுல முதல்ல தேறினது நீங்கதான் மேடம்!"

அவள் சட்டென்று அழுதுவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். "நீங்க பொல்லாத ஆளு சார். ஆசுபத்திரிச் சத்தம்லாம் வச்சு... என் உசுரு போயி வந்துட்டு."

"ஆஸ்பத்திரியா?" ஹேமந்த் திரையில் எதையோ தேடினான். மேலே தள்ளினான், கீழே தள்ளினான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகக் கரைந்தது. "மேடம், உங்க கடைசி போன் நாளைக்குக் காலையிலதானே..."

அவன் முடிப்பதற்குள் மேசைப் போன் அடித்தது. வாசல் காவலாளி பேசினார். யாரோ லூர்துசாமியாம், படகுக்காரராம். வினோலியாவைப் பார்க்க வேண்டும் என்று நாற்பது நிமிடமாக நிற்கிறாராம். பாஸ் இல்லாமல் உள்ளே விட முடியாதென்று நிறுத்திவைத்திருக்கிறாராம்.

வினோலியா எப்படி வாசலுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. லூர்துசாமி அண்ணன் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் ரத்தம். அதை மறைக்கத் துண்டை மார்போடு பிடித்திருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார். "நீ சாப்டியா?"

ஆஸ்பத்திரியில் அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கிளாட்வினின் வலது கை மணிக்கட்டோடு நின்றிருந்தது. சம்மதக் காகிதத்தில் சவேரியம்மாளின் பெருவிரல் ரேகை மை காயாமல் இருந்தது. அந்த விரலை அவள் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். மருமகளைப் பார்த்ததும் "வந்துட்டியா, உக்காரு" என்று நாற்காலியைத் தள்ளிப்போட்டாள்.

அதற்குள் ஹேமந்திடமிருந்து போனில் எழுத்தாக ஒரு செய்தி வந்திருந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தான். மேலிடத்தில் பேசிப் பார்த்தானாம். பயம் உண்மையாக இருந்ததால் தேர்ச்சி செல்லும், சொல்லப்போனால் கூடுதல் மதிப்பு என்றார்களாம். வினோலியா அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் கிளாட்வினுக்குத் தெளிவு வந்தது. கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் கேட்டான்.

"மதுரைக்குப் போயிருந்தா ஒட்டிருக்கலாமாம்லா. அந்த நர்சம்மா சொல்லுச்சு. யாரு வேண்டாம்னது?"

"டாக்டரே சொல்லிட்டாருடா," என்றாள் சவேரியம்மாள்.

"வினோவக் கேட்டியளா?"

"போன் கெடைக்கல. டவர் இல்ல." அவள் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

வினோலியாவுக்குப் புரிந்தது. மாமி அவளுக்கு ஒரு மறைப்புக் கட்டிக்கொடுக்கிறாள். அவள் சும்மா இருந்தால் போதும். ஆயுசுக்கும் அந்த மறைப்புக்குள் இருந்துகொள்ளலாம், மாமியும் சாகிறவரை வாய் திறக்க மாட்டாள். இந்த ஊரில் எல்லாரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்வது இப்படித்தான். அவளுக்கு அந்த நிழல் வேண்டியிருந்தது, ரொம்பவும் வேண்டியிருந்தது.

"கெடைச்சுது," என்றாள்.

சவேரியம்மாளின் கை பழத்தில் நின்றது. "ஏளா, சும்மா இரு."

"மாமி போன் பண்ணாவ. ஒங்க கைய என்ன செய்யன்னு கேட்டாவ. நாலு தடவ கேட்டாவ. ஆணையிட்டுச் சொன்னாவ. நான் மிஷின்னு நெனச்சேன். பதில் சொல்லல. பாடம் சொன்னேன்."

கிளாட்வின் அவளைப் பார்த்தான். அவளும் பார்வையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் மிச்சத்தைச் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்தாள்.

"முழுசும் சொன்னியா?" என்றான்.

"இருபதும்."

"தப்பில்லாமலா?"

"தப்பில்லாம."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது. வெளியே வராண்டாவில் யாரோ யாரிடமோ போனில், ஒண்ணுமில்லை, நாளைக்கு வந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். வினோலியா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொடலாமா என்று நினைத்தாள். தொடவில்லை.

திரும்பாமலே கிளாட்வின் கேட்டான்.

"என்னைக்கு வேலைல சேரணும்?"

"திங்கக்கெழம," என்றாள் வினோலியா.